கரப்பானுக்கு வைத்த மருந்து



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் அண்ணன்கள் வகுப்பு வகுப்பாக வந்தபோது, "எதைப் பத்தி எழுதலாம்?" என்று கேட்டேன். "எதைப் பத்தி வேணும்னாலும் எழுதும்மா, கவிதை மட்டும் வேணாம்" என்றார்கள். கவிதை ஏற்கெனவே ஒரு கட்டு வந்து சேர்ந்துவிட்டதாம். வேலையில்லாத் திண்டாட்டம், வரதட்சணை, காவிரிப் பிரச்சினை என்று பெரிய விஷயங்களை எல்லாம் சீனியர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். எனக்கு மிச்சம் இருந்தது கரப்பான் பூச்சிதான். சிரிக்காதீர்கள். இந்தப் பூச்சியால் எங்கள் வீட்டில் ஒரு உயிர் போயிருக்கும். அதற்குக் காரணம் கரப்பான் இல்லை, நான்தான்.

எங்கள் வீடு பாபநாசம் பக்கம். வரிசையாக இருக்கிற தொகுப்பு வீடுகளில் ஒன்று. அப்பா கூலிக்கு மருந்து அடிக்கிறவர். குறுவை, சம்பா, தாளடி எந்தப் பட்டமானாலும், புகையான் விழுந்தாலும் இலைச்சுருட்டுப் புழு விழுந்தாலும், முதுகில் ஸ்பிரேயரை மாட்டிக்கொண்டு வயலில் இறங்குவது அவர் வேலை. மூஞ்சியில் ஒரு துண்டு கட்டியிருப்பார், அவ்வளவுதான் பாதுகாப்பு. சாயங்காலம் அவர் சட்டையை அம்மா தனியாக ஊற வைக்கும். அந்த வாடை எனக்குச் சின்ன வயசிலிருந்தே பழக்கம். எங்கள் வீட்டு வாடையே அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்திருக்கிறேன். அந்தக் கூலியில்தான் நான் டிப்ளமா சிவில் படிக்கிறேன். எங்கள் வம்சத்தில் பத்தாவது தாண்டியது நான் ஒருத்திதான்.

போன வருஷம் காணும் பொங்கலுக்கு வகுப்புத் தோழிகள் மூன்று பேர் வீட்டுக்கு வருவதாகச் சொன்னார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் சமையற்கட்டைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கியது. விளக்கை அணைத்து இரண்டு நிமிஷம் கழித்துப் போட்டால் போதும், சுவரே நகரும். சாமான் அலமாரிக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கு அடியில், கேஸ் அடுப்பு ஸ்டாண்டில், எங்கும் கரப்பான்தான். டவுனில் மாடி வீட்டில் இருக்கிற பிள்ளைகள் வந்து காபி குடிக்கும்போது டம்ளர் மேல் ஒன்று ஏறினால் என் கதி என்ன? அந்த வயசு வெட்கம் உங்களுக்கும் தெரியும்.

கொல்லைப்புற மாடத்தில் ஒரு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. சம்பாவுக்கு அடித்து மிஞ்சிய மருந்தை அப்பா அதில் ஊற்றி வைத்திருந்தார். மாட்டுப் பொங்கல் ராத்திரி, எல்லாரும் படுத்த பிறகு, அரை வாளித் தண்ணீரில் இரண்டு மூடி கலந்தேன். துடைப்பத்தால் முக்கி அலமாரி இடுக்கு, மூட்டைக்கு அடியில், ஜன்னல் ஓரம் என்று அடித்துத் தெளித்தேன். ஜன்னலைச் சாத்தினேன். விருந்தாளிகள் நிறைந்திருந்ததால் தம்பி சமையற்கட்டு வாசற்படியில் பாய் போட்டுப் படுத்திருந்தான். அவனுக்கு ஆறு வயசு. அவனை எழுப்பி வேறு இடத்தில் படுக்க வைக்கணும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

காலையில் பார்த்தால் தரை முழுக்கக் கரப்பான் மல்லாந்து கிடந்தது. பெருமை தாங்காமல் எண்ணினேன், நாற்பத்தொன்று. கூடவே இரண்டு பல்லியும் செத்துக் கிடந்தன. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கூட்டி அள்ளிக்கொண்டிருக்கும்போது தம்பி எழுந்து உட்கார்ந்து, "அக்கா, கண்ணு மங்கலா இருக்கு" என்றான். வாயிலிருந்து எச்சில் நிற்காமல் ஒழுகியது. தை மாதக் குளிரில் சட்டை நனைகிற அளவுக்கு வேர்த்தது. இரண்டு தடவை வாந்தி எடுத்தான். 108-க்குப் போன் பண்ணினோம்.

பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவன் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார். கருவிழிப் பாவை குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. பார்த்தவுடன் ஊசியை எடுக்கச் சொல்லிவிட்டு எங்களைத் திரும்பிப் பார்த்து, "என்ன மருந்து?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. அப்பா, "வயலுக்கு அடிக்கிற மருந்துங்க" என்றார். "அது தெரியுதுய்யா, பேர் என்ன?" பாட்டிலில் இருந்தது சாராயக் கம்பெனி லேபிள். அப்பா பக்கத்து வீட்டு அண்ணன் வண்டியில் ஊருக்குத் திரும்பி ஓடி, மிராசுதார் மோட்டார் கொட்டகையில் காலி டப்பாவைத் தேடி எடுத்துவந்தார். அதற்குள் டாக்டர் என்னிடம், "நீ என்னம்மா படிக்கிற?" என்று கேட்டார். சொன்னேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தம்பிக்கு ஏற்றியது அட்ரோபின். பயிருக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் ஒரு பெரிய வகை, நரம்பிலிருந்து தசைக்குப் போகிற செய்தியை முடிக்கத் தெரியாமல் செய்துவிடும். சுவிட்சை அணைக்க முடியாத மோட்டார் மாதிரி. எச்சில், வேர்வை, கண்ணீர் எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கும். கடைசியில் மூச்சு விடுகிற தசை ஓய்ந்துவிடும். பூச்சி சாவதும் இதே வழியில்தான். கரப்பானுக்கும் ஆறு வயசுப் பிள்ளைக்கும் அந்த விஷம் வித்தியாசம் பார்ப்பதில்லை. ஐந்தாம் நாள் தம்பி பிழைத்து வீட்டுக்கு வந்தான். வருவதாக இருந்த தோழிகள் மூன்று பேரும் வந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு, ஆர்லிக்ஸ் பாட்டிலோடு.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். நம் டெல்டாவில் எல்லாத் தப்பும் ஒரு வார்த்தையில் ஆரம்பிக்கிறது. அது 'மருந்து'. காய்ச்சலுக்குச் சாப்பிடுவதும் மருந்து, பயிருக்கு அடிப்பதும் மருந்து, எலிக்கு வைப்பதும் மருந்து. விஷத்துக்கு மருந்து என்று பேர் வைத்துவிட்டால் அதை மாடத்தில் வைக்கலாம், சாமி படத்துக்குக் கீழே வைக்கலாம், குவார்ட்டர் பாட்டிலில் ஊற்றலாம். பயமே வராது. 1960-61-ல் அன்றைய தஞ்சாவூர் ஜில்லாவைத் தேர்ந்தெடுத்துத் தீவிர விவசாயத் திட்டம் கொண்டுவந்தார்கள். பெரியவர்கள் அதைப் பேக்கேஜ் திட்டம் என்பார்கள். விதை, உரம், பூச்சிக்கொல்லி எல்லாம் ஒரே கட்டாக வந்தது. விளைச்சல் கூடியது உண்மை. நம் தாத்தாக்கள் பட்டினி கிடந்த கதையை மறந்துவிட்டுப் பேச எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அந்தக் கட்டைப் பிரித்துப் படிக்கிறவர் எங்கள் தெருவில் அப்போது யாரும் இல்லை.

படிக்காததால் வந்த வினை நம் வீட்டோடு நிற்பதில்லை. 1958-ல் கேரளத்தில் பராத்தியான் என்கிற பூச்சிக்கொல்லி கலந்துபோன கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அந்தச் சரக்கின் வியாபாரப் பேர் ஃபோலிடால். நம் ஊர்க் கிழவிகள் கோபம் வந்தால் "பாலிடாயிலைக் குடிச்சிட்டுச் சாவு" என்று சபிப்பார்களே, அந்தப் பாலிடாயில் இதுதான். அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. அப்புறமும் 2013 ஜூலையில் பீகார் மாநிலம் சரண் மாவட்டத்தில் ஒரு பள்ளிக்கூடத்து மதிய உணவில் மோனோகுரோட்டோபாஸ் கலந்து 23 குழந்தைகள் இறந்தன. பூச்சிக்கொல்லி இருந்த டப்பாவில் சமையல் எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் சாராய பாட்டிலில் விஷம், அங்கே விஷ டப்பாவில் எண்ணெய். இரண்டும் ஒரே தப்பின் இரண்டு பக்கம்.

சட்டப்படி ஒவ்வொரு டப்பாவிலும் சாய்ந்த சதுரம் ஒன்று போட்டு, அதன் கீழ்ப்பாதியில் கலர் இருக்கும். சிவப்பு என்றால் கடும் விஷம், மண்டை ஓடும் போட்டிருக்கும். அடுத்தது மஞ்சள், அதற்கு அடுத்தது நீலம், கடைசி பச்சை. எழுத்துத் தெரியாதவரும் கலரைப் பார்த்துப் புரிந்துகொள்ளத்தான் இந்த ஏற்பாடு. அப்பா இருபத்தைந்து வருஷமாக மருந்து அடிக்கிறார். அந்தச் சதுரத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து நான்தான் சொன்னேன். கேட்டுவிட்டு, "சிவப்பு போட்டதுதான் நல்லா கேட்கும்னு கடையில சொல்லுவாங்க பாப்பா" என்றார். எங்களுக்கு விற்ற கடையைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? கலரைப் படிக்கிற பிள்ளை வீட்டிலேயே இருந்தும் படிக்கவில்லையே.

அடுத்த கேள்வி, அந்த விஷத்தால் கரப்பானாவது ஒழிந்ததா? இல்லை. மாசி மாதம் பாதி போவதற்குள் திரும்பி வந்துவிட்டன. பல்லிதான் வரவில்லை. இதன் காரணத்தைத் தேடிப் படித்தபோது எனக்கு வயல்தான் ஞாபகம் வந்தது. கரப்பான் முட்டைகள் ஒரு கெட்டியான உறைக்குள் இருக்கும். கழிவுநீர்க் குழாயில் வருகிற பெரிய கரப்பானின் உறையில் பதினைந்து முட்டை அளவுக்கு. சமையற்கட்டில் ஓடுகிற சின்ன ரகத்தில் முப்பது, நாற்பது. தெளிக்கிற விஷம் அந்த உறைக்குள் சரியாகப் போகாது. பெரியது செத்தாலும் குஞ்சு வெளியே வரும், வரும்போது அதைத் தின்ன பல்லியும் சிலந்தியும் இருக்காது. புகையான் கதையும் இதுதான். கண்டபடி மருந்து அடித்தால் புகையானைத் தின்கிற சிலந்திதான் முதலில் சாகும், அப்புறம் புகையான் இன்னும் அதிகமாக வரும். இந்தோனேசியாவில் இது முற்றிப்போய் 1986-ல் நெல்லுக்கு 57 வகைப் பூச்சிக்கொல்லிகளை அடிக்கக் கூடாது என்று அரசாங்கமே தடை போட்டது. நம் தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் பிறந்த நம்மாழ்வார் ஐயா 2013-ல் இறக்கும்வரை ஊர் ஊராகப் போய்ப் பூச்சிக்கொல்லியை எதிர்த்துப் பேசியதும் சும்மா இல்லை. வயலுக்கு அது முழுக்க முடியுமா என்று எங்கள் அப்பாவோடு எனக்கு இன்னும் வாக்குவாதம் உண்டு. அவர் கூலி அதில்தானே இருக்கிறது. ஆனால் சமையற்கட்டுக்கு நிச்சயம் முடியும்.

எதிரியைப் பற்றியும் இரண்டு வார்த்தை. சின்ன ரகத்துக்கு ஜெர்மன் கரப்பான் என்று பேர், 1767-ல் லின்னேயஸ் வைத்தது. ஆனால் அது ஜெர்மன்காரன் இல்லை! 2024-ல் வந்த மரபணு ஆய்வு ஒன்று, அது ஏறக்குறைய 2100 வருஷத்துக்கு முன்னால் இந்தியா, மியான்மர் பக்கத்தில் மனுஷன் வீட்டோடு ஒட்டிக்கொண்ட ஜாதி என்கிறது. கல்லணை கட்டிய காலத்தை ஒட்டி நம் வீட்டுக்குள் நுழைந்து, பெரிய கோயில் எழும்புவதற்கு முன்பே மேற்கே கிளம்பிப்போய், அங்கே வெள்ளைக்காரப் பேர் வாங்கிக்கொண்டது. அமெரிக்கக் கரப்பான் என்கிற பெரியது ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலேறியது. பேரைப் பார்த்து ஆளை நம்பக் கூடாது என்பது பூச்சிக்கும் பொருந்தும்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்காக ஒன்று. 2016-ல் கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கௌஷிக் ஜெயராம், ராபர்ட் ஃபுல் இருவரும், பெரிய கரப்பான் 3 மில்லிமீட்டர் இடுக்கில்கூட நசுங்கி நுழைந்து ஓடிவிடும் என்று படமெடுத்துக் காட்டினார்கள். அதைப் பார்த்து, பூகம்ப இடிபாட்டில் ஆள் தேட உதவும் என்று ஒரு ரோபோவே செய்தார்கள். நமக்கு இதில் பாடம், 3 மி.மீ. இடுக்கு இருந்தாலும் வாசல் திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

அதனால் தம்பி தேறிய பிறகு நான் விஷத்தை விட்டுவிட்டு வீட்டை அளந்தேன். நாம் படிக்கிற படிப்புக்கு இதைவிட நல்ல பிராக்டிகல் கிடையாது. சாமான் கழுவுகிற இடத்திலும் குளிக்கிற இடத்திலும் தண்ணீர் போகிற ஓட்டையைப் பார்த்தால், வீடு கட்டியவர் நேர்க் குழாயைச் செருகி விட்டிருக்கிறார். நஹானி ட்ராப் கிடையாது. ட்ராப்பில் 50 மி.மீ. தண்ணீர் நிற்கணும், அந்தத் தண்ணீர்தான் கதவு, அது இருந்தால் நாற்றமும் வராது பூச்சியும் வராது என்று தேர்வுக்கு மனப்பாடம் பண்ணி எழுதியிருக்கிறேன். என் வீட்டுத் தரையில் அது இல்லை என்பதை அதுவரை குனிந்து பார்க்கவில்லை. சாக்கடையிலிருந்து பெரிய கரப்பான் ராஜபாட்டையில் வருவதுபோல் வந்திருக்கிறது. ஐப்பசி அடைமழையில் சாக்கடை நிரம்பினால் கேட்கவே வேண்டாம். கொத்தனார் வேலை பார்க்கிற மாமாவை வைத்துக்கொண்டு இரண்டு ட்ராப் மாட்டினோம். மாமா முதலில் என்னை நம்பவில்லை, "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருப்பான்" என்றார். லெவல் பார்த்துப் பூசியதும் அவர்தான். அலமாரிக்குப் பின்னால் சுவர் விரிசலைச் சிமெண்ட் பாலால் அடைத்தோம். ஒரு எச்சரிக்கை: புழங்காத ட்ராப்பில் தண்ணீர் வற்றிவிடும், வாரம் ஒரு சொம்பு ஊற்ற வேண்டும்.

அப்புறம் ராத்திரித் தண்ணீர். கரப்பான் தீனி இல்லாமல் பல நாள் தாக்குப்பிடிக்கும், தண்ணீர் இல்லாமல் அவ்வளவு நாள் முடியாது. அம்மா எச்சில் பாத்திரத்தை ஊறப் போட்டுக் காலையில் கழுவுகிற வழக்கம். வயலில் நடவு முடித்து வருகிறவளிடம் ராத்திரியே கழுவு என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நான் கழுவ ஆரம்பித்தேன். இதை ஏதோ தியாகம் மாதிரி எழுதவில்லை. ஆண் நண்பர்களும் கழுவலாம், கை தேயாது.

மிச்சம் இருந்ததற்குப் போரிக் பவுடர். ஹாஸ்டலில் கேரம் போர்டு மேல் தூவுகிறோமே, பல இடத்தில் அதுவேதான். மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். அதே அளவு சர்க்கரை, அதே அளவு மைதா சேர்த்துச் சொட்டுத் தண்ணீரில் பிசைந்து சுண்டைக்காய் அளவுக்கு உருட்டி, அலமாரிக்குப் பின்னாலும் சிலிண்டருக்கு அடியிலும் வைத்தேன். உடனே சாகாது. தின்று, காலில் ஒட்டியதை நக்கி, சில நாள் கழித்துத்தான் சாகும். பொறுமை வேண்டும். இதுவும் பிள்ளைகள் வாயில் போடக் கூடாததுதான். அதனால் தம்பி கை, கோழி மூக்கு இரண்டும் எட்டாத இடத்தில் வைத்து, வைத்த இடத்தை எல்லாம் காலண்டரில் எழுதி வைத்தேன்.

"ஏழை வீட்டுல இதெல்லாம் நடக்குமா?" என்று ஒரு தோழர் கேட்டார். இரண்டு ட்ராப்பும் பவுடரும் சேர்த்து, தம்பிக்காக ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்த பஸ் காசில் பாதிகூட ஆகவில்லை. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் போன கூலியை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. இன்னொன்று: ஆத்திரத்தில் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் விஷம் இருப்பதால் நம் கிராமங்களில் எத்தனை வீடு இருண்டுபோனது என்று உங்களுக்கே தெரியும். அதைத் தடுக்கத்தான் 2023-ல் தமிழ்நாடு அரசு ஆறு பூச்சிக்கொல்லிகளை 60 நாள் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. மாடத்தில் இருக்கிற பாட்டிலுக்கு எந்த உத்தரவும் எட்டாது. வீட்டில் இருக்கிற நாம்தான் எடுக்கணும்.

கரப்பான் முழுக்க ஒழிந்துவிட்டதா என்றால், பொய் சொல்ல மாட்டேன். எப்போதாவது ஒன்று வரும், செருப்பு போதும். ஆடி மாதம் அலமாரிக்கு மேலே ஒரு பல்லிக்குட்டி தெரிந்தது. அம்மா அடிக்கப் போனாள், தம்பி விடவில்லை. அப்பா இப்போது மிச்ச மருந்தை வீட்டுக்குக் கொண்டுவருவதில்லை. ஆனால் இன்னும் மருந்து என்றுதான் சொல்கிறார்.

எங்கள் தெருவில் மொத்தம் 22 வீடு. எல்லா வீட்டுத் தரையையும் பார்த்துவிட்டேன், 19 வீட்டில் ட்ராப் இல்லை. குழாய் அளவை எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். சிவில் இரண்டாம் வருஷம், மூன்றாம் வருஷத்தார் ஞாயிற்றுக்கிழமை வர முடிந்தால் என்னிடம் பேர் கொடுக்கவும். கரணையும் மட்டப்பலகையும் மாமா தருகிறேன் என்றார். சாப்பாடு எங்கள் வீட்டில். ட்ராப் வாங்கும் செலவில் பாதியை யூனியன் ஏற்றுக்கொள்ளுமா என்று இந்த மலர் வழியாகவே தலைவர் அண்ணனைக் கேட்டுக்கொள்கிறேன்.